ஹெடர் கோப்புகளைக் கையால் எழுதுவதை நிறுத்துங்கள்: கம்பைலர் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். விண்டோஸ் ஷெல்லில் கோப்புகளை நகலெடுக்கவும் நகர்த்தவும் அழிக்கவும் பயன்படும் ஸ்ட்ரக்சரின் (பல புலங்களை வரிசையாக அடுக்கிய தரவுத் தொகுப்பு) வரையறையில் இருந்த பிழையை உங்கள் சி கம்பைலரின் ஹெடர் கோப்பில் (சிஸ்டத்தின் ஃபங்ஷன்களையும் ஸ்ட்ரக்சர்களையும் கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்பு) சரிசெய்து, புகாரையும் மூடிவிட்டீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அதே வேலையைச் செய்யும் உங்கள் பாஸ்கல் யூனிட்டில் அந்தப் பிழை அப்படியே இருக்கிறது. பேசிக் கம்பைலரின் இன்க்ளூட் கோப்பிலும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியபோது, "அவை வேறு ரெப்போ (மூலக்கோப்புக் களஞ்சியம்), அங்கே தனித்தனியாகப் புகார் கொடுங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

பின்னணி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இந்தப் பிழை பயனரை என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் உங்கள் பதிவில் அது "அலைன்மென்ட் சிக்கல், முன்னுரிமை குறைவு" என்று இருக்கிறது.

32 பிட் விண்டோஸில் அந்த ஸ்ட்ரக்சர் ஒரு பைட் பேக்கிங்கில், அதாவது புலங்களுக்கு நடுவே காலி பைட் விடாமல், அமைந்தது. மொத்தம் 30 பைட். ஃப்ளாக்குகளுக்கான 2 பைட் புலம் ஆஃப்செட் 16இல் (தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி) தொடங்குகிறது. அதை ஒட்டி, இடைவெளி எதுவும் இல்லாமல், 18இல் வருகிறது "பயனர் நடுவில் நிறுத்தினாரா" என்று சொல்லும் 4 பைட் புலம். 64 பிட்டில் இந்தப் பேக்கிங் கிடையாது, வழக்கமான அலைன்மென்ட்தான்: 4 பைட் புலம் 4இன் மடங்கில்தான் தொடங்கும். பாஸ்கல் யூனிட்டில் இரண்டுக்கும் வழக்கமான அலைன்மென்ட்டையே வைத்திருக்கிறீர்கள். அதனால் 32 பிட் நிரல் அந்தப் புலத்தை 20இல் போய்த் தேடுகிறது.

இப்போது பயனர் ரத்து பொத்தானை அழுத்துகிறார். ஷெல் 18இல் 1 என்று எழுதுகிறது. லிட்டில் எண்டியன் (மதிப்புக் குறைந்த பைட் முதலில் வரும் முறை) என்பதால் அந்த 1 முதல் பைட்டிலேயே அடங்கிவிடுகிறது. 20இலிருந்து படிக்கும் நிரலுக்குக் கிடைப்பது 0. இந்த ஸ்ட்ரக்சரைப் பெற்றுக்கொள்ளும் ஷெல் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பும் இங்கே கைகொடுக்காது. பயனர் ரத்து செய்தாலும் அது 0 தரக்கூடும், ஆகவே அந்தப் புலத்தையும் பாருங்கள் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. ஆவணத்தை மதித்து எழுதப்பட்ட பேக்கப் நிரல், நகலெடுப்பு முழுதாக முடிந்துவிட்டது என்று நம்பி, மூலக் கோப்புகளை அழிக்கத் தொடங்குகிறது. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. 64 பிட்டில் சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருவருடைய கோப்புகள் போன பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. இதையா முன்னுரிமை குறைவு என்கிறீர்கள்?

இந்த விவரம் ஓர் இடத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதைத் திருத்திய அன்றே மூன்று கம்பைலர்களும் திருந்தியிருக்கும். என் கோரிக்கை இதுதான்: ஏபிஐ விவரங்களை, அதாவது சிஸ்டம் தரும் ஃபங்ஷன்கள், ஸ்ட்ரக்சர்கள், கான்ஸ்டன்ட்களின் விவரங்களை, ஒரே பொதுத் தரவுத்தளத்தில் வையுங்கள். ஒவ்வொரு கம்பைலருக்கும் வேண்டிய ஹெடரையும் யூனிட்டையும் இன்க்ளூட் கோப்பையும் அதிலிருந்து நிரல் மூலம் உருவாக்குங்கள்.

யாரும் செய்து பார்க்காததைக் கேட்கவில்லை. அமிகா கணினிகளின் காலத்திலேயே ஒவ்வொரு லைப்ரரிக்கும் எஃப்டி கோப்பு ஒன்று இருந்தது. எந்த ஃபங்ஷன், எந்த ஆர்க்யுமென்ட் ப்ராசஸரின் எந்த ரெஜிஸ்டரில் என்று அது சொல்லும். அதிலிருந்து வெவ்வேறு சி கம்பைலர்களுக்கான கோப்புகளை உருவாக்கும் கருவிகள் இருந்தன. அதில் டைப் விவரம் இல்லாத குறையைப் பின்னால் வந்த எஸ்எஃப்டி வடிவம் தீர்த்தது. கிராஃபிக்ஸ் தரங்களை வகுக்கும் க்ரோனோஸ் குழு ஓபன்ஜிஎல் விவரங்களை 2013இல் எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றியது. 2016இல் வெளிவந்த வல்கன் கிராஃபிக்ஸ் ஏபிஐயின் ஹெடர்களும் அப்படி ஓர் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்துதான் உருவாகின்றன. விண்டோஸுக்கே 2021இல் மைக்ரோசாஃப்ட் ஏபிஐ விவரங்கள் அடங்கிய மெட்டாடேட்டா கோப்பைத் தரத் தொடங்கியது. ரஸ்டுக்கும் சி ஷார்ப்புக்குமான பைண்டிங்குகள் (அந்த மொழிகளிலிருந்து விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைக்க உதவும் அறிவிப்புகள்) அதிலிருந்து உருவாகின்றன. அது எம்ஐடி உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. நீங்கள் தொடங்குவதற்கு வேண்டிய அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது.

"சி ஹெடரே போதுமே, அதைப் படித்து மற்றவற்றை மாற்றிக்கொள்ளலாமே" என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். அந்த வழி பாதி தூரம்தான் போகும். ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) வழியாகத் தரவு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா, அந்தப் பாயின்டர் காலியாக இருக்கலாமா, அது ஓர் அரே என்றால் அதன் நீளம் எந்த ஆர்க்யுமென்ட்டில் வருகிறது என்று வெறும் சி அறிவிப்பு சொல்லாது. பாஸ்கலில் வார் பாராமீட்டரா (அழைத்தவரின் மாறியையே மாற்றும் வகை) பாயின்டரா என்று முடிவு செய்ய இந்த விவரம் வேண்டும். வல்கனின் எக்ஸ்எம்எல்லில் நீளத்துக்கும், காலியாக விடலாமா என்பதற்கும் தனித்தனி அட்ரிப்யூட் இருப்பது இதற்காகத்தான்.

மேக்ரோக்களை, அதாவது கம்பைலுக்கு முன் வேறு உரையாக மாற்றப்படும் பெயர்களை, தரவுத்தளத்தில் அடக்க முடியாது என்ற வாதமும் வந்தது. முழுதாக அடக்க வேண்டியதில்லை. வல்கன் கோப்பிலும் சி துண்டுகள் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன. கையால் எழுத வேண்டிய சிறு பகுதியைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காரணம் காட்டி மீதி எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருப்பதில் நியாயமில்லை. சொல்லப்போனால் மேக்ரோக்கள் இருப்பதால்தான் தரவுத்தளம் இன்னும் அவசியமாகிறது. விண்டோவின் தகவலை மாற்றும் SetWindowLongPtr ஃபங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிட்டில் அது வெறும் மேக்ரோ. அந்தப் பெயரில் விண்டோஸின் யூசர்32 டிஎல்எல் என்ற லைப்ரரி அங்கே எதையும் தருவதில்லை. எந்த ஆர்க்கிடெக்சருக்கு எது பொருந்தும் என்று சொல்லும் புலம் ஒன்று தரவுத்தளத்தில் இருந்தால், பேசிக் கம்பைலரின் பயனர்கள் இல்லாத ஃபங்ஷனை இறக்குமதி செய்துவிட்டு நிரல் ஏன் தொடங்கவில்லை என்று தவிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உங்கள் திட்டத்துக்குப் பேட்ச் அனுப்ப வரும் புதியவர்களில் பலருடைய முதல் வேலை, விட்டுப்போன கான்ஸ்டன்ட்களை ஹெடரில் சேர்ப்பது. அதே கான்ஸ்டன்ட்டை வேறொரு ரெப்போவில் வேறொருவர் சேர்த்துக்கொண்டிருப்பார், சில சமயம் வேறு மதிப்போடு. ஆர்வத்தோடு வரும் ஒருவரின் மாலை நேரத்தை இப்படிச் செலவழிக்க வைக்கிறீர்கள். ஆப்டிமைசரிலும் டீபக்கரிலும் தீராத வேலை கிடக்கும்போது, இது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. அவர்கள் கொண்டுவரும் திருத்தம் அடுத்த ரிலீஸில் காணாமல் போனால், "பழைய கோப்பு மேலே விழுந்துவிட்டது" என்ற பதில் வேறு. பிறகு அவர்கள் திரும்பி வருவதில்லை. ஏன் ஆளில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் வருத்தப்படுகிறீர்கள்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலையின் மேல்தான் எங்கள் நிரல்கள் நிற்கின்றன. அது எனக்கு மறக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே ரிலீஸில் மாற்றச் சொல்லவில்லை. ஷெல் கோப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்கு மட்டும் தரவுத்தளத்தில் பதிவுகளை ஏற்றி, மூன்று கம்பைலர்களுக்கும் கோப்புகளை உருவாக்குங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரக்சரின் மொத்த அளவையும் புலங்களின் ஆஃப்செட்டையும் 32 பிட்டிலும் 64 பிட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையையும் அதே தரவுத்தளத்திலிருந்து உருவாக்கி, பில்டில் சேருங்கள். உருவான கோப்புகளின் தலையில் "இதைத் திருத்தாதீர்கள், தரவுத்தளத்தைத் திருத்துங்கள்" என்று எழுதி, இனி பேட்ச்களை அங்கே மட்டும் வாங்குங்கள். பதிவுகளை ஏற்றும் வேலையிலும் சோதனை எழுதும் வேலையிலும் உடனிருக்க நான் தயார்.

அதுவரை, பாஸ்கல் யூனிட்டிலும் பேசிக் இன்க்ளூட் கோப்பிலும் அந்தப் பேக்கிங்கை மட்டுமாவது உடனே சரிசெய்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கம்பைலர்களை நம்பி நிரல் எழுதும் ஒருவர்