எங்கள் கிளிநொச்சித் திரைப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தீர்கள். மாதம் ஒரு படம் போட்டுப் பார்த்துவிட்டுக் கலைந்து போவது போதாது, ஓர் இயக்குநரை எடுத்து அவருடைய படங்களை வரிசைப்படுத்த வேண்டும் என்பது அது. கொண்டுவந்தவரும் வழிமொழிந்தவரும் அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு அதிகம் தலைகாட்டவில்லை. வந்தவர்கள் சண்டை பிடித்தோம். அந்தச் சண்டைகளைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

தையும் மாசியும் காலபோக அறுவடைக்குப் போய்விட்டதால் பங்குனியில்தான் தொடங்கினோம். முதலில் மணிரத்னம். எல்லோருக்கும் தெரிந்த பெயர், இழுபறி குறைவாக இருக்கும் என்று தலைவர் கணக்குப் போட்டார். முதல் நாள் கையுயர்த்தி வாக்கெடுத்தோம். பரந்தன் பக்கத்து ரஜினி இரசிகர்கள் ஒரு வான் பிடித்து மொத்தமாக வந்திறங்கியிருந்தார்கள். தளபதி (1991) முதலாவது. “இது வரிசை இல்லை, ஊர்வலம்” என்று உபதலைவி சொன்னதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் முறையை மாற்றினோம். ஒவ்வொருவரும் ஐந்து படங்களை எழுத வேண்டும். முதலாவதற்கு ஐந்து புள்ளி, கடைசிக்கு ஒன்று. இதை விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கும் ஐம்பது வீதம் தாண்டாமல், இந்த நாட்டில் முதற்தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணியதை எல்லோரும் விடிய விடிய இருந்து பார்த்தவர்கள்தானே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தேர்தலில் போட்டியிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில்தான் அடுத்த விருப்பைத் தேடுவார்கள். எங்கள் முறையில் எல்லோருடைய இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கும் பெறுமதி உண்டு. பலன் உடனே தெரிந்தது. நாயகனை (1987) முதலாவதாக எழுதியவர்கள் கொஞ்சப்பேர். ஆனால் தளபதிக்காரர், மௌன ராகக்காரர், ரோஜாக்காரர் எல்லோரும் இரண்டாவதாக அதைத்தான் எழுதியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் நாயகன் முன்னுக்கு நின்றது. ரஜினி இரசிகர்கள் இதைச் சதி என்றார்கள். கூட்டலை அவர்களிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னோம். சரிபார்த்துவிட்டு, கூட்டல் சரி, முறைதான் சதி என்றார்கள்.

செயலாளராக முடிவைப் பதிவு செய்துவிட்டேன். அங்கத்தவராக என் மாற்றுக் கருத்தையும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். என் வரிசையில் மணிரத்னத்தின் படங்களில் முதலிடம் இருவருக்குத்தான் (1997). பிரகாஷ்ராஜுக்கும் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்த படம், எங்கள் மண்டபத்தில் ஐந்தாம் இடத்துக்குக்கூட வரவில்லை. இதை இதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

இந்தச் சுற்றில்தான் இன்னொரு விதியும் பிறந்தது. நிறையப்பேர் பேசியது படத்தைப் பற்றி அல்ல, படம் பார்த்த இரவைப் பற்றி. கறண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரைப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வாடகை டெக்கில் ஒரே இரவில் மூன்று நான்கு படம் போட்ட தலைமுறை இது. தேய்ந்த கசற், முற்றத்தில் பாய், இரண்டாவது படத்தின் பாதியில் நித்திரை. நாயகனில் வேலு நாயக்கர் எப்படிச் சாகிறார் என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது, ஆனால் முதலாவதாக எழுதுகிறார்கள். ஆகவே, இங்கே எங்களோடு இருந்து திரும்பப் பார்க்காத படத்துக்குப் புள்ளி போட முடியாது என்று முடிவெடுத்தோம். இந்த விதி எல்லா வரிசையையும் குழப்பிவிட்டது. நல்ல குழப்பம்.

நாயகனைத் திரும்பப் போட்ட அன்று எங்கள் திரையில் ஒரு பல்லி. திரை என்பது சுண்ணாம்பு அடித்த பின்சுவர்தான், உங்களுக்குத் தெரியும். பேரன் வேலு நாயக்கரிடம் நல்லவரா கெட்டவரா என்று கேட்கும் இடத்தில் கமலின் நெற்றியில் ஏறி அப்படியே இருந்துவிட்டது. முன்வரிசைச் சின்னன்கள் சிரிக்க, பின்வரிசைப் பெரிசுகள் உஸ் என்று அதட்ட, பல்லி அசையவில்லை. அடுத்த ஆண்டாவது ஒரு திரைத்துணி வாங்க வேண்டும்.

கன்னத்தில் முத்தமிட்டால் (2002) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்தில் மாங்குளத்துக்காரர் சிலர் இருக்கிறார்கள், படத்தில் பிள்ளை அமுதா தாயைத் தேடி வரும் ஊர் மாங்குளம். ஆறு தேசிய விருது வாங்கிய படத்துக்கு அவர்கள் கொடுத்தது பூச்சியம். ஆசிரியராக இருக்கும் ஓர் அண்ணை எழும்பி, “பெயர் எங்கட, ஊர் எங்கட இல்லை, கதைக்கிற கதையும் எங்கட இல்லை” என்றார். தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து திரும்பி வந்த அக்கா ஒருவர் அதற்குப் பதில் சொன்னார். அந்தப் படத்தை அங்கே தியேட்டரில் பார்த்தவர் அவர். மாங்குளம் என்ற பெயரை ஒரு பெரிய படத்தில், பெரிய திரையில் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்களிடம் அது என் ஊர் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஊர் சரியாக இருந்ததா என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை என்றார். படம் வெளியானது 2002 பெப்ரவரி 14, போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது பெப்ரவரி 22. எட்டு நாள் இடைவெளி. அந்த நாட்களில் யார் எங்கே இருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய புள்ளிகள் விழுந்தன. ஐந்தும் பூச்சியமுமாக வந்தது, நடுவில் ஒருவரும் நிற்கவில்லை. கூட்டிப் பார்க்க நாலாம் இடம். யாருக்கும் திருப்தியில்லை.

பாரதிராஜா சுற்று சுருக்கமாக முடிந்தது. 16 வயதினிலே (1977) முதலாவதாக வரும் என்று எல்லோரும் நினைத்தோம், திரும்பப் பார்த்ததும் முதல் மரியாதைக்கு (1985) மாறிவிட்டார்கள். சிவாஜியைப் பிடிக்காது என்று சொல்லித் திரிந்த ஒருவர்கூட மாறினார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பாலச்சந்தருக்கு ஒதுக்கிய மாலையில் தண்ணீர் தண்ணீர் (1981) போட்டோம். கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து வந்த படம், தண்ணீர் இல்லாத அத்திப்பட்டிச் சனங்களின் கதை. படம் முடிந்து கால் மணித்தியாலம் ஒழுங்காகத்தான் பேசினோம். அப்புறம் ஒருவர் இரணைமடுவை இழுத்தார். குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கமக்காரர் அமைப்புகள் எதிர்த்த கதை தொடங்கி, தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வரைக்கும் பேச்சு போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து திருமணம் முடித்து வந்த அங்கத்தவர் ஒருவர் பாவம், தனியாக நின்று சமாளித்தார். தலைவர் மணியடித்தும் பயனில்லை. அன்று சீட்டு ஒன்றும் சேரவில்லை. பாலச்சந்தரின் வரிசை இன்னும் நிலுவையில் இருக்கிறது. எதிர்நீச்சல் (1968), அவள் ஒரு தொடர்கதை (1974), சிந்து பைரவி (1985) எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. நிர்வாகசபையின் ஆலோசனை, தண்ணீர் தண்ணீரைக் கடைசியாகப் போட வேண்டும் என்பதுதான்.

மகேந்திரனில் போட்டி இரண்டு படங்களுக்கு இடையில். முள்ளும் மலரும் (1978), உதிரிப்பூக்கள் (1979). ஒன்று உமாசந்திரன் நாவலிலிருந்து, மற்றது புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து. ஆண்கள் பெரும்பாலும் முள்ளும் மலரும் காளியின் பக்கம், பெண்கள் உதிரிப்பூக்கள் பக்கம். இப்படி நேர்கோட்டில் பிரிந்தது இந்த ஒரு தடவைதான். உதிரிப்பூக்களில் சுந்தரவடிவேலு ஆற்றுக்குள் இறங்கும் முடிவில், ஊர் முழுவதையும் தன்னைப் போல மாற்றிவிட்டதாகச் சொல்கிறானே, அது அவனுடைய குற்றத்தைக் குறைக்கிறதா என்று நீண்ட வாதம் நடந்தது. குறைக்கவில்லை என்று ஓர் அம்மா ஒரே சொல்லில் முடித்தார். இரண்டும் சம புள்ளி. அப்படியே விட்டோம்.

பாலு மகேந்திரா எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர், முள்ளும் மலருமின் ஒளிப்பதிவாளரும் அவர்தான். மூன்றாம் பிறை (1982) வெல்லும் என்று சுற்றுக்கு முன்னமே பந்தயம் கட்டிவிட்டார்கள். கட்டியவர்கள் பிளேன்ரீச் செலவை ஏற்றார்கள். வீடு (1988) வென்றது. அதுவும் நெருங்க முடியாத வித்தியாசத்தில்.

பாட்டு இல்லாத படம். வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். தாத்தாவையும் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு சுதா ஒரு வீடு கட்டப் புறப்படுகிறாள், அவ்வளவுதான் கதை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. எங்கள் மண்டபத்தில் அதை ஒருவரும் கதையாகப் பார்க்கவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா, 550 சதுர அடி என்று இங்கே வீடு கட்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் போட்டுக் காட்டினால் அடுத்தது, சுவர் எழும்பினால் அடுத்தது. அதற்குள் மணலும் சீமெந்தும் விலை ஏறும். கடனை வாங்கிக் கூரை போட்டவர்கள் படத்தில் சுதா கணக்குப் பார்க்கும் இடங்களில் எல்லாம் தாங்களும் சேர்ந்து கணக்குப் பார்த்தார்கள். கட்டட ஒப்பந்தக்காரன் சீமெந்து களவெடுப்பதை அங்கே கூலிக்கு நிற்கும் மங்கம்மா காட்டிக்கொடுக்கிற இடம் வந்தது. எங்களுடைய மேசன் அண்ணை பின்னால் இருந்து, “ஒரு பை என்றால் நானும் பேசாமல் இருப்பன், இவன் அளவுக்கு மிஞ்சிப் போறான்” என்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தங்கள் வீட்டைக் கட்டியது அவர்தான் என்பது சிலருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சொக்கலிங்க பாகவதர் அரைகுறையாக நிற்கும் வீட்டைப் பார்க்க வந்து சுவரைத் தடவும் இடத்தில் ஒருவரும் பேசவில்லை. முடிவில் அந்தக் காணி ஏற்கனவே அரசாங்கத் தண்ணீர்த் திணைக்களம் எடுத்ததாகத் தெரியவரும்போது, பின்வரிசையில் நின்ற ஒருவர், “எங்களுக்கு இது புதுசோ” என்றார். காணிக்கு உறுதி இல்லாதவர்களும், திரும்பி வந்தபோது காணியில் வேறு ஆட்கள் இருந்ததைக் கண்டவர்களும் இருக்கும் கூட்டத்தில் அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பத்திரிகைகளில் வரும் வரிசைகளில் மூன்றாம் பிறைதான் அதிகம் முன்னுக்கு நிற்கும், நிற்கட்டும். எங்கள் வரிசையில் வீட்டுக்குக் கீழே இரண்டாவதாகச் சந்தியா ராகம் (1989), அதற்குப் பிறகுதான் ஊட்டியும் கமலும் ஸ்ரீதேவியும்.

ஆவணியில் இளம் அங்கத்தவர்களின் கோரிக்கைப்படி கிறிஸ்டோபர் நோலன். உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைகள் இன்ரர்ஸ்ரெல்லரை (2014) முதலாவதாக்குவது என்று முன்கூட்டியே தீர்மானித்து வந்தார்கள். ஒரு மணித்தியாலம் பூமியில் ஏழு வருடமாகும் அந்தத் தண்ணீர்க் கிரகத்தைப் பற்றி ஒரு தம்பி வெண்பலகையில் படம் கீறி விளக்கினார், நன்றாகவே விளக்கினார். மெமென்ரோவை (2000) இரண்டு தரம் நிறுத்தி நிறுத்தி விளக்கியும் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் கலர்க் காட்சிகள் பின்னோக்கியும் போகும் என்றால், அப்படியானால் நடுவில் இருந்து தொடங்கிப் போடுங்கோவன் என்றார் போசகர் ஐயா.

பிறகு டன்கேர்க் (2017) போட்டோம். 106 நிமிடம், பேச்சு மிகக் குறைவு. தமிழில் சொல்லிக்கொடுக்க நின்ற பிள்ளைக்கு வேலையே இருக்கவில்லை. கரையில் ஒரு கிழமை, கடலில் ஒரு நாள், வானத்தில் ஒரு மணித்தியாலம் என்று மூன்று கணக்கில் கதை ஓடுகிறது, அதையும் யாரும் கேட்கவில்லை. மணலில் வரிசையாக நிற்கும் ஆட்கள், மேலே விமானச் சத்தம் கேட்டதும் குப்புற விழுவது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா சத்தம் வருவதற்கு முன்னமே தலையைக் குனிந்துகொண்டார். 1940இல் அந்தக் கரையிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட படையினரைக் கப்பலிலும் சிறு படகிலும் ஏற்றினார்கள் என்று படம் முடிந்ததும் தம்பி சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவையளுக்கு வள்ளம் வந்தது” என்றார்.

விவாதத்துக்கு ஒருவரும் எழும்பவில்லை. சீட்டைச் சேர்த்தோம். டன்கேர்க் முதலாவது, இன்ரர்ஸ்ரெல்லர் இரண்டாவது. கணிதப் பிள்ளைகளும் மாற்றி எழுதியிருந்தார்கள் என்பதைச் சீட்டு எண்ணியவன் என்ற முறையில் அறிவேன்.

ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகையில் மழை, ஆகவே கூட்டம் இல்லை.

சில நிர்வாக விடயங்கள். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்திலிருந்து வருபவர்கள் இருட்டினால் யானைக்குப் பயந்து பாதியில் எழும்பிப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்க நிர்வாகசபை பரிந்துரைக்கிறது, வெயிலுக்கு யன்னல்களில் கறுப்புத் துணி கட்ட வேண்டும். இரவலாகக் கிடைத்த புரொஜெக்டரில் எல்லா முகமும் மஞ்சள்காமாலை பிடித்த மாதிரித் தெரிகிறது. கடன் தந்தவருக்கு நன்றி, ஆனால் புதிது வாங்கும் நிதிக்கு ஒவ்வொருவரும் யோசியுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு வந்த பெயர்கள் இரண்டு. ஒன்று வெற்றிமாறன். எங்கள் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் பேட்டைக்காரனாக வரும் ஆடுகளத்தில் (2011) தொடங்கலாம். மற்றது சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே. அவருடைய புரஹந்த களுவர (1997), போருக்குப் போன மகனின் சீல் வைத்த சவப்பெட்டியைத் திறந்து பார்க்கும் கண் தெரியாத தகப்பனின் கதை. காணாமல் போன பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் எங்களோடு இருந்து படம் பார்க்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அதைப் போடக் கூடாது என்று உபதலைவி சொல்கிறார். போட்டாலும் அதற்குப் புள்ளி போடச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. இதைப் பொதுக்கூட்டம்தான் தீர்மானிக்க வேண்டும்.

சந்தா நிலுவையில் உள்ளவர்களின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. பாலச்சந்தர் படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோனவர் தயவுசெய்து திருப்பித் தரவும், யாரென்று எங்களுக்குத் தெரியும். இந்த அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரஜினி இரசிகர்கள் திருத்தம் ஒன்று கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அதை எழுத்தில் தரவும்.

செயலாளர்
கிளிநொச்சி