அம்மாவின் வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக விடாதவர்களுக்கு நன்றி

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து பணமாகவும் சாப்பாடாகவும் துணையாகவும் உதவியவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதுவது வேறு சிலருக்காக.

முதலில் டே கேர் சிஸ்டர். பெம்ப்ரோலிசுமாப் ஏற்றிய அன்றே, "இது கீமோ மாதிரி இல்லம்மா, எதிர்ப்பு சக்தியோட பிரேக்கை எடுத்துவிடுற மருந்து, அது கட்டியை மட்டும் அடிக்கும்னு இல்ல, குடல், ஈரல், தைராய்டு, நுரையீரல் எதை வேணும்னாலும் அடிக்கலாம்" என்று பொறுமையாகச் சொல்லி, மருந்தின் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையை அம்மாவின் பர்ஸிலேயே வைத்துவிட்டீர்கள். அந்த பிரேக்கை எடுத்துவிட்டுப் புற்றுநோயை எதிர்க்கும் வழியைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அவர்களுக்கும் நன்றிதான், ஆனால் அந்த வாரம் எங்களுக்கு உயிர் கொடுத்தது இந்த அட்டை.

ஊரில் இருந்தபோது அம்மாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மெடிக்கல் அண்ணனிடம் மாத்திரை கேட்டால், அட்டையைப் பார்த்துவிட்டு, "நிறுத்துற மாத்திரை இப்ப வேண்டாம், மொதல்ல அங்க போன் பண்ணுங்க" என்று தன் போனையே நீட்டினார். அண்ணே, ஐம்பது ரூபாய் வியாபாரத்தை விட்டு நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை மறக்க மாட்டோம்.

போனில் சிஸ்டர் கேட்டது ஒன்றுதான்: வழக்கமாக எத்தனை தடவை, இப்போது எத்தனை? ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட ஏழு தடவையோ அதற்கு மேலோ கூடினால் அட்மிட் செய்தாக வேண்டுமாம். அம்மாவுக்கு அதையும் தாண்டியிருந்தது. கிருமித் தொற்று இல்லை என்று சோதித்து, குடலுக்குள் பார்த்து, குடலை அடிக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்க உடனே ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வாரக்கணக்கில் குறைக்க வேண்டும் என்பதால், எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை என்று எங்கள் வீட்டுக் காலண்டரிலேயே எழுதிக் கொடுத்த சின்ன டாக்டரம்மாவுக்கு என் கும்பிடு.

அப்புறம், எங்கள் பெரிய டாக்டர். "பக்கவிளைவு வந்தா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமாமே" என்று சொந்தக்காரர்கள் சொன்னதை அவரிடம் கேட்டேன். சில ஆய்வுகளில் அப்படித் தெரிவது உண்மை, ஆனால் நீண்ட நாள் பிழைத்து மருந்தில் இருப்பவருக்குப் பக்கவிளைவு வரவும் நாள் அதிகம் கிடைக்கிறது, அதனால் அம்மாவுக்கு இதை வைத்து வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னதற்கு நன்றி, சார்.

பெம்ப்ரோலிசுமாபை நிறுத்தியாகிவிட்டது. கடைசி ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. நிறுத்தி மாதங்கள் கழித்தும் பக்கவிளைவு வரலாம் என்கிறார்கள், அதனால் எங்களிடமிருந்து இன்னும் போன் வரும், சிஸ்டர், தயவுசெய்து எடுங்கள்.