ஜெபம் கேட்டு வருகிறவர்களிடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும் என்று உனக்கே தெரியும்.

"மருந்து வாங்க வருகிறார்கள் அம்மா, ஜெபிக்கலாமா என்று கேட்டால் உட்காருகிறார்கள், ஆனால் மருந்துக் கடனுக்காக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது" என்றாய். ஜார்க்கண்டுக்கு மிஷனரி நர்ஸாக வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே இது உன் கண்ணில் பட்டதே, அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பல வருஷம் ஊழியம் செய்தும் இது கண்ணில் படாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து வேறு நேரம், ஜெபம் வேறு நேரம் என்று வைத்துக்கொள். கையில் மருந்தோடு இருக்கிறவரிடம் ஜெபத்தைப் பற்றி வாயே திறக்காதே. வாங்கினார்களா, வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் ஒருநாள் நீயாக அவர்கள் வீட்டுப் பக்கம் போய் நின்று, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுத்துக் கேள். ஜார்க்கண்டில் 2017லிருந்து மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது, ஆசை காட்டுவது அதில் குற்றம். உங்கள் பொறுப்பாளர் சொல்லியிருப்பார். ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் 2002ல் வந்து 2004லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எங்கள் குழு இதே முறையில்தான் நடக்கிறது.

இங்கே சென்னை பெரும்பாக்கத்தில் ஒன்று நடந்தது. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து நிறைய குடும்பங்களை இந்த எட்டு மாடிக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய இடத்தில் நடந்து போகிற தூரத்தில் வீட்டு வேலை பார்த்த பெண்களுக்கு இங்கே வந்ததும் அந்த வேலை போயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு குழு அரிசிப் பை கொண்டுவந்தது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, முழங்கால் போடச் சொல்லி, போட்டோ எடுத்து, அதற்கப்புறம்தான் பையைக் கொடுத்தார்கள். ரொம்ப நாள் கழித்து நாங்கள் அந்தக் கட்டடத்துக்குப் போனபோது ஒரு அம்மா கதவை முழுசாகத் திறக்காமலே சொன்னாள்: "அரிசிக்கு அன்னைக்கே கூலி குடுத்துட்டோம்க்கா." அந்தக் கதவு எனக்குத் திறக்க எத்தனையோ மாதம் ஆயிற்று. அவளுக்கு ரேஷன் கார்டு விலாசம் மாற்ற அலைந்தபோதுதான் "உள்ள வாங்க" என்றாள்.

நம் வேதத்தில் பர்திமேயுவைப் பார். அவன் குருடன் என்று தெருவில் நின்ற எல்லாருக்கும் தெரியும். இயேசுவுக்குத் தெரியாதா? ஆனாலும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார். நீயும் கேள். அவர்கள் சொல்வதற்காக ஜெபி. நோய்க்கு என்று நீ நினைத்துக்கொண்டு போவாய், அவள் காணாமல் போன ஆட்டுக்காக ஜெபிக்கச் சொல்வாள். ஆட்டுக்காகவே ஜெபி.

மைக் விஷயத்திலும் கவனமாக இரு. நாங்கள் சாயங்காலம் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிற திறந்த இடத்தில் நின்று இரண்டு பாட்டுப் பாடி, சின்னதாக ஒரு சாட்சி சொல்லி, கைப்பிரதி கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வோம். டேம்பரின் உண்டு, மைக் கிடையாது. ஹவுஸ்கீப்பிங் வேலை முடிந்து வந்து, படுத்தால் போதும் என்று இருக்கிறவர்கள் காதில் போய்க் கத்த நமக்கு என்ன உரிமை? அதோடு, மைக்கில் பேர் சொல்லி விண்ணப்பம் ஏறெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னாருடைய புருஷன் குடியை விடவேண்டும், இன்னாருடைய மகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று. எட்டு மாடிக்கும் கேட்கும். மறுநாள் அவள் தண்ணீர் பிடிக்க எப்படி வந்து நிற்பாள்?

லிஃப்ட் ஓடாத ஒரு நாள் படியேறி ஐந்தாம் மாடிக்குப் போனேன். அந்த அக்கா என்னை உட்கார வைத்து, முதலில் டிவி சத்தத்தைக் கூட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதே. அப்புறம் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது, புழல் ஜெயிலில் இருக்கிறான் என்றாள். டிவியில் சீரியல் ஓட, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி ஜெபித்தேன். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது, அலமாரியில் மாரியம்மன் படம் இருந்தது. இரண்டைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அவை அங்கேதான் இருக்கின்றன.

மாத்திரை விஷயம் நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் கட்டடத்தில் ஒருவர் டிபிக்கு ஆறு மாத மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஊருக்கு வந்துபோன பிரசங்கியார் ஒருவர் 'சுகமாகிவிட்டது' என்றாராம். நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது. இப்போது நான் அவருக்காக ஜெபிக்கும்போது மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி, அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆமென் சொல்கிறேன். உன் பக்கம் சாகிப்கஞ்சில் காலா அசார் என்கிற காய்ச்சல் நோய் இருக்கிறது என்றாய். விடாத காய்ச்சலும் வீங்கிய வயிறுமாக யாராவது ஜெபம் கேட்டு வந்தால், சுருக்கமாக ஜெபித்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

கூடப் போவது பெரிது, மகளே. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 தரங்கம்பாடியில் இறங்கினார், 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சிட்டார் என்று சண்டே ஸ்கூலில் படித்தாய். 1708ல் அவர் ஜெயிலுக்குப் போனதை யாரும் சொல்லித் தரவில்லை. நாவிதர் ஒருவருடைய விதவை ஒரு கடன் வழக்கில் நியாயம் கேட்டு நின்றாள். அவளுக்காக அவர், அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் தளபதியிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். அது தளபதிக்குப் பிடிக்கவில்லை. நாலு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். அவர் அச்சிட்ட புத்தகத்தைப் போலவே இதுவும் எனக்குப் பெரிய ஊழியமாகத் தெரிகிறது.

இன்னொன்று, கணக்கு. 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்த காலத்திலிருந்து நம் திருநெல்வேலிச் சபைகள் சொந்தக் காசில் மிஷனரிகளை அனுப்பிவருகின்றன. உன் அம்மாச்சி உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் பானையில் போடுவார்கள். சபைக் கோயிலில் அதை விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். உனக்கு வருகிற பணமும் அந்த மாதிரி வீடுகளிலிருந்துதான் வருகிறது. பஸ் டிக்கெட்டைக்கூட எடுத்து வை.

அங்கே பேசுகிற மால்தோ பாஷையும் நம் திராவிட மொழிக் குடும்பம்தான் என்று அப்பா சந்தோஷப்பட்டார். சீக்கிரம் கற்றுக்கொள். அவர்கள் பாஷையிலேயே அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் மாடி அக்காவின் மகனைப் பற்றிக் கேட்டாய். ஜாமீன் இன்னும் கிடைக்கவில்லை. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வாய்தா. அவளுக்குக் கோர்ட்டுக்குத் தனியாகப் போகப் பயம், நான் கூடப் போகிறேன். பத்தரைக்குக் கூப்பிடுவார்களாம். அந்த நேரத்தில் நீயும் ஜெபி, வேலைக்கு நடுவில் ஒரு நிமிஷம் போதும். என்ன ஆயிற்று என்று ராத்திரி போன் பண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா