நாற்பத்தைந்து நாள் எந்த நாளில் தொடங்குகிறது? நுகர்வோர் ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநில, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையங்களின் தலைவர்கள், உறுப்பினர்கள், பதிவாளர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆம் பிரிவு எதிர்தரப்பினர் எதிருரை, அதாவது புகாருக்கு எழுத்தில் தரும் பதில், தாக்கல் செய்ய 30 நாள் தருகிறது. தேவைப்பட்டால் ஆணையம் இன்னும் 15 நாள் வரை கூட்டித் தரலாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது. ஆனாலும் அந்தக் கெடு கட்டாயமா, வெறும் வழிகாட்டுதலா என்று ஆளுக்கொரு தீர்ப்பைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தோம். நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஹில்லி மல்டிபர்பஸ் கோல்டு ஸ்டோரேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் 4 அன்று அதற்கு முடிவு கட்டியது. 45 நாள் கட்டாயம். 46-ஆம் நாள் வரும் எதிருரையை ஏற்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. நோட்டீஸ் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. புகார் மனுவின் நகலும் சேர்ந்து கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். நியாயமான விதி. என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாதவர் எப்படிப் பதில் எழுதுவார்? ஆனால் இன்று வாய்தாக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

நடப்பது இதுதான். முதல் வாய்தாவில் எதிர்தரப்பு வழக்கறிஞர் வக்காலத்து (தன் சார்பில் ஆஜராகக் கட்சிக்காரர் தரும் அதிகாரப் பத்திரம்) மட்டும் தாக்கல் செய்கிறார், அல்லது அதற்கே அவகாசம் கேட்கிறார். அடுத்த வாய்தாவில், “புகார் நகல் கிடைக்கவில்லை” அல்லது “இணைப்புகள் முழுதாக இல்லை” என்கிறார். கிடைத்ததா இல்லையா என்று சொல்ல வழக்குக் கட்டில் எதுவும் இருக்காது. உறையில் என்ன வைத்து அனுப்பினோம் என்று அலுவலகம் எழுதிவைத்திருக்காது. வேறு வழியின்றிப் புகார்தாரரை மறுபடி நகல் கொடுக்கச் சொல்கிறீர்கள். அன்றிலிருந்து புதுக் கணக்கு. கட்டாயம் என்று அறிவிக்கப்பட்ட கெடு, தொடக்க நாள் பதிவாகாத ஒரே காரணத்தால் ரப்பராக நீள்கிறது.

இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. நோட்டீஸ் அனுப்பும் நாளிலேயே நாட்குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும்: “நோட்டீஸ், புகார் மனு 9 பக்கம், ஆவணங்கள் 1 முதல் 14 வரை 46 பக்கம், இன்ன எண் விரைவு அஞ்சலில் அனுப்பப்பட்டது.” நோட்டீஸிலும் அதே பக்கக் கணக்கு இருக்கட்டும். உறையைப் பிரித்தவர் பக்கம் குறைந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வாசகத்தையும் அதிலேயே அச்சிடலாம். இரண்டு மாதம் கழித்து வாயால் சொல்லும் “கிடைக்கவில்லை”க்கு அப்போது எடை இராது. இணையவழித் தாக்கலிலும் இதே கவனம் வேண்டும். தளத்தில் புகார் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது வேறு, எதிர்தரப்பு கையில் கிடைத்தது என்பது வேறு.

புகார்தாரர்கள் பக்கமும் குறை இருக்கிறது. மங்கலான ஜெராக்ஸ், எண்ணிடாத பக்கங்கள், எதிர்தரப்பினர் மூவர் இருக்க இரண்டு செட் நகல், கடை மாறிப்போன பழைய முகவரி என்று வரும் மனுவை ஆய்வின்போதே திருத்தச் சொல்லித் திருப்புங்கள். அதில் பத்து நாள் போனாலும் பிறகு பத்து மாதம் மிஞ்சும்.

நோட்டீஸைச் சார்பு செய்வதில், அதாவது உரியவரிடம் முறைப்படி சேர்ப்பிப்பதில், 65-ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. வாங்க மறுத்தார் என்ற அஞ்சல் குறிப்போடு உறை திரும்பினால், சார்பு ஆனதாகவே அறிவிக்கலாம். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை தொலைந்துபோய் 30 நாளில் வராவிட்டாலும் அப்படியே. தொழில் நடத்தும் இடத்தின் முகவரிக்கு அனுப்பினாலே போதுமானது. இத்தனை இருந்தும், அட்டை வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறு நோட்டீஸுக்கு உத்தரவிடும் பழக்கம் விடவில்லை. அஞ்சல் துறைத் தளத்தில் கிடைக்கும் பட்டுவாடா விவரத்தை அச்செடுத்து வழக்குக் கட்டில் சேர்த்தால் தேதி கிடைத்துவிடும்.

அடுத்தது அந்தக் கூடுதல் 15 நாள். “45 நாள்” என்றே பேசிப் பழகியதால், முழுவதும் உரிமையாகக் கிடைப்பது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. சட்டம் தருவது 30 நாள்தான். மிச்சம், ஆணையம் அனுமதித்தால் மட்டும். மருத்துவக் கவனக்குறைவு வழக்கில் சிகிச்சைக் கோப்புகளைத் திரட்டி நிபுணர் கருத்து வாங்க நேரம் பிடிக்கும். அந்த மருத்துவருக்கு 15 நாளும் கொடுக்கத்தான் வேண்டும். பழுதான கைபேசிக்குப் பணம் தர மறுத்த நிறுவனத்துக்கு எதற்கு? காரணம் சொல்லும் மனு இல்லாமல் 15 நாள் இல்லை என்பதையும், அனுமதித்தால் ஏன் என்று இரண்டு வரி எழுதுவதையும் வழக்கமாக்குங்கள்.

கணக்கைப் பற்றியும் ஒரு சொல். கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது. மார்ச் 3-இல் கிடைத்தால் 30-ஆம் நாள் ஏப்ரல் 2, 45-ஆம் நாள் ஏப்ரல் 17. கடைசி நாள் அலுவலக விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம். இந்த இரண்டு தேதிகளையும் வழக்குக் கட்டின் மேலட்டையில் எழுதிவைத்தால், தாக்கலாகும் எதிருரையை வாங்கும் எழுத்தருக்கே தாமதம் தெரிந்துவிடும். இப்போது இறுதி வாதத்தில்தான் பலருக்கும் அது கண்ணில் படுகிறது. அதற்குள் அந்த எதிருரையின் மேல் சாட்சியமே முடிந்திருக்கும்.

நோட்டீஸ் படிவமும் குழப்புகிறது. 70 நாள் தள்ளி விசாரணைத் தேதி போட்டு, அன்று ஆஜராக வேண்டும் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டால், வழக்கறிஞர் வைக்காத சிறு வணிகர் அதுவரை நேரம் இருப்பதாகத்தான் நினைப்பார். அவர் கெடுவைத் தவறவிடுவது ஏமாற்று இல்லை, அறியாமை. கெடு இத்தனை கடுமையாக இருக்கும்போது அதை முதல் வரியில் எளிய தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு: “விசாரணைத் தேதி எதுவாக இருந்தாலும், இது கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.” முதல் வாய்தாவையும் 35-ஆம் நாளை ஒட்டிப் போடலாம். சமரசப் பேச்சு நடக்கிறது என்று வாய்தா கேட்பவர்களிடமும், பேச்சு நடப்பதால் மட்டும் கெடு நிற்காது என்று அன்றே சொல்லிவிடுவது நல்லது.

எதிருரை உரிமை முடிந்தாலும் எதிர்தரப்பின் வாய் அடைபடுவதில்லை. புகார்தாரரின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாம், சட்டப் பிரச்சினைகளில் வாதிடலாம். எதிருரையில் சொல்லியிருக்க வேண்டிய தற்காப்பை நிரூபண வாக்குமூலம் (சாட்சியமாகத் தரும் எழுத்து வாக்குமூலம்) என்ற பெயரில் பின்வாசல் வழியே கொண்டுவரத்தான் கூடாது. இந்த எல்லையைக் கெடு முடியும் நாளின் உத்தரவிலேயே எழுதிவிட்டால், மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வரும் அபாயமும் குறையும்.

உங்களுக்கான கெடுக்களையும் நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. புகாரை ஏற்பது பற்றி 21 நாளில் முடிவாகாவிட்டால், 36-ஆம் பிரிவின்படி அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஏற்ற 21 நாளுக்குள் நகல் எதிர்தரப்புக்குப் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும். எதிருரையை 45 நாளில் மூடிவிட்டு, வாதத்துக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வைத்தால் யாருக்கு என்ன லாபம்?

மாவட்ட ஆணையங்கள் ஒரே சீரான நடைமுறையைப் பின்பற்றவும், நகல்களை முன்கூட்டியே வழங்கவும் அறிவுறுத்தும் அதிகாரம் 70-ஆம் பிரிவின்படி மாநில ஆணையத்துக்கு இருக்கிறது. பக்கக் கணக்கு, மேலட்டையில் இரண்டு தேதிகள், திருத்திய நோட்டீஸ் வாசகம் ஆகிய மூன்றுக்கும் ஒரு சுற்றறிக்கை கேட்கிறோம். மாவட்ட ஆணையங்கள் அனுப்பும் காலமுறை அறிக்கையில், 45 நாளுக்குப் பின் எதிருரை வந்த வழக்குகள் எத்தனை, அவற்றில் என்ன உத்தரவு போடப்பட்டது என்று ஒரு பத்தியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களும் நுகர்வோர் ஆர்வலர்களும்