லண்டன் வழி டிக்கெட்

மயிலாடுதுறை,
24-3-2025

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீ, மருமகள், பாப்பா எல்லோரும் சுகம்தானே.

வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீல டிக் விழுந்ததா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். தபால் என்றால் பதினைந்து நாளைக்கு அந்தக் கவலை இல்லை.

நேற்று போனில், "லண்டன்ல இப்படி ஆயிடுச்சேப்பா, பார்க்கலாம்" என்றாய். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்தவன் நான். வண்டிகளை நடத்தும் கண்ட்ரோல் ஆபீசில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முழுக்க டி.வி.யில் அதைத்தான் பார்த்தேன். ஹீத்ரோவுக்குக் கரண்ட் கொடுக்கிற ஒரு சப்ஸ்டேஷனில் தீப்பிடித்து, விமான நிலையத்தையே மூடி, 1,300 விமானங்களுக்கு மேல் பாதிப்பு. ஆனால் தம்பி, அன்று சாயங்காலமே திறந்துவிட்டார்கள். மே மாதத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும். அதைக் காரணமாக வைத்து டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே.

எனக்குப் பயம் தீயில் இல்லை. நீ அனுப்பிய டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்து வைத்துப் பார்த்தேன். லண்டனில் இறங்கி அடுத்த விமானம் ஏற உனக்கு 1 மணி 35 நிமிடம்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைப் போதும் என்று விற்கும். டோரண்டோவிலிருந்து நாற்பது நிமிடம் லேட்டாக வந்தால் என்ன மிச்சம்? இறங்கி நடக்க வேண்டும், டெர்மினல் மாறினால் பஸ் பிடிக்க வேண்டும், மறுபடி செக்யூரிட்டி வரிசையில் நின்று பாப்பாவின் பால் புட்டியை எடுத்துக் காட்ட வேண்டும். தள்ளுவண்டியை மடக்க வேண்டும். மருமகள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வேண்டாம். நாலு மணி நேரம் இடைவெளி இருக்கிற மாதிரி மாற்று. பணம் கூட ஆனால் ஆகட்டும், நான் தருகிறேன்.

ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதை. வருஷத்துக்கு 4,80,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்று அவர்களுக்கு வரம்பு, அது ஏறக்குறைய நிரம்பியே ஓடுகிறது. போன வருஷம் அதில் 8 கோடியே 39 லட்சம் பேர் போய் வந்திருக்கிறார்கள். நிரம்பின டைம்டேபிள் எப்படியென்று எனக்குத் தெரியும். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி கால் மணி தவறினால் அன்றைக்குக் கடைசி வண்டி வரை அந்தக் கால் மணி கூடவே வரும். ஆள் பற்றாக்குறையில் 2022 கோடையில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் கிளம்பக் கூடாது என்று அவர்களே கட்டுப்பாடு போட்டது உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷம்தான் நீ வராமல் அம்மாவை இங்கிருந்து வற்றல், வடாம் எல்லாம் பார்சல் போட வைத்தாய்.

இந்த நம்பரெல்லாம் அப்பாவுக்கு எதற்கு என்று சிரிப்பாய். ஒரு வருஷமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். துபாயைப் பற்றியும் படித்தேன். அங்கும் இரண்டே ஓடுபாதைதான், போன வருஷம் 9 கோடியே 23 லட்சம் பேர். நிறையப் பேர் அந்த ஊருக்கு வருகிறவர்களே இல்லை, உன்னைப் போல மாறிப் போகிறவர்கள். நாலு திசையிலிருந்தும் விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து விழும், இரண்டு மூன்று மணி நேரத்தில் அத்தனையும் நாலு திசைக்கும் கிளம்ப வேண்டும். நம் மாயவரம் ஜங்ஷனிலும் அதே கணக்குதான். தரங்கம்பாடிக்கு ரயில் ஓடின காலத்தில், மெட்ராஸ் வண்டி வந்தால்தான் திருவாரூர் வண்டிக்கும் தரங்கம்பாடி வண்டிக்கும் ஆள். ஒன்று வராவிட்டால் பிளாட்பாரம் முழுக்க மூட்டையும் பிள்ளைகளுமாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலிருந்து கிளம்புகிறவனுக்கு வண்டி இல்லையென்றால் வீட்டிலேயே படுத்துக்கொள்வான். நடுவழியில் மாறுகிறவன்தான் பாவம். புறப்பட்ட ஊரும் இல்லை, போகிற ஊரும் இல்லை, பெட்டியும் கையில் இல்லை.

அதனால் சொல்கிறேன், எல்லாப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போடு. தனித்தனியாக மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதே. ஒரே டிக்கெட் என்றால் தவறினாலும் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது கம்பெனிக்காரன் உன்னை யாரென்றே கேட்பான். பம்பாய், டெல்லி வழியாக மாற்றவும் வேண்டாம். அங்கே இறங்கியதும் பெட்டியை எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி கொடுத்து, மறுபடி செக்யூரிட்டி. நேராகச் சென்னையில் இறங்கு. மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, சார்ஜர், பாப்பாவுக்கு இரண்டு நாளைக்கு வேண்டியது, எல்லாம் கைப்பையில். கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கொடுத்த பி.ஆர். கார்டும் கைப்பையில்.

இங்கு செய்தி ஒன்றும் இல்லை. மோட்டார் காயில் கட்டினேன். பெரியத்தான் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயம். நீ மாசம் தவறாமல் அனுப்பும் பணம் வருகிறது. பேங்கில் அந்தப் பெண், "ஒரு நாள்கூடத் தவறாதே சார் உங்க பையன்" என்பாள். ஆமாம் என்பேன். பணம் தவறாது. ஞாயிற்றுக்கிழமை போனும் தவறாது, எட்டு நிமிடம். சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா. பாப்பாவைக் காட்டுவாய். அவ்வளவுதான். ஒரு வருஷமாக அம்மாவைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நாலு மணி நேரம் இடைவெளி வை என்று சொன்னேன் இல்லையா, அதை மறக்காதே.

தம்பி, போன வருஷம் நீ துபாயிலிருந்து போன் செய்தபோது நான் ஒன்று சொன்னேன். "ஒரு நாள் மழைக்கா ஏர்போர்ட்டை மூடுவான்? சீர்காழியில 44 சென்டிமீட்டர் பெய்ஞ்சப்போ மறுநாள் பால்காரன் வந்தான்" என்றேன். அதற்கு நீ ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது. தரையில் அட்டையை விரித்துப் படுத்திருந்ததை, கனெக்‌ஷன் வரிசையில் ஏழு மணி நேரம் நின்றதை, அன்று நீ என்னிடம் சொல்லவில்லை. பிறகு மருமகள் சொல்லித்தான் தெரியும். 1949-லிருந்து கணக்கெடுத்ததில் அந்த நாட்டில் அப்படி மழையே இல்லையாம். மணலில் கட்டின ஊர், தண்ணீர் போக வாய்க்கால் ஏது? இரண்டு நாளில் 1,244 விமானம் ரத்து. யாரைக் குறை சொல்வது?

பொறையாறு ஆள் கதையை அம்மா உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள். 1984, நீ அவள் வயிற்றில். மெட்ராஸ் வண்டி லேட். அதில் தந்தியோடு ஒருத்தர் வருகிறார் என்று தெரிந்து நான் தரங்கம்பாடி வண்டிக்குக் கைகாட்டி இறக்கவில்லை. கண்ட்ரோல் கொடுத்தது 10 நிமிடம், நான் நிறுத்தியது 32. இஞ்சின் தண்ணீர் பிடிக்கத் தாமதம் என்று ரிஜிஸ்டரில் பொய் எழுதினேன். மெமோ வந்தது. அம்மாவுக்கு அந்த மெமோ பெரிய பெருமை. பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, பீரோவை நான் திறக்கவில்லை.

ஐஸ் பெட்டி ரிப்பேர், கூலிங் நின்றுபோச்சு, அதற்குமேல் வைக்க முடியவில்லை என்று உனக்குச் சொன்னேன். பெட்டி ரிப்பேர் ஆகவில்லை தம்பி.

பெட்டிக்காரன், இன்னும் இரண்டு நாள் தாங்கும் சார், வாடகையைப் பார்த்துக்கலாம் என்றான். பெரியத்தான்கூட, பையன் வரட்டும் என்றுதான் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தான் எடுத்துவிடலாம் என்றேன். 16-ம் தேதி ராத்திரி நீ, நாலு மணி நேரத்தில் கிளம்பும் என்றாய். 17 காலையில், சாயங்காலம் என்றாய். இந்த மாதிரி அறிவிப்பு நானே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்! வண்டி வராது என்று முடிவு கட்டிவிட்டேன். அது ஒரு காரணம். கண்ணாடிக்குள் அவள் மூக்குத்திக்கு மேல் பனி கட்டியிருந்தது, நான் துடைக்கத் துடைக்கக் கட்டியது, வெளிப்பக்கம் துடைத்தால் எப்படிப் போகும். அது ஒரு காரணம். பொங்கலுக்கு வா வா என்று அவள் கேட்டு நீ வராமல் இருந்தாயே, அந்தக் கோபமும் இருந்தது. கொள்ளி வைக்கும்போது கூட இருந்தது. உன் சித்தப்பா மகன் கையில் தீச்சட்டியைக் கொடுத்தது நான்தான்.

நீ 19-ம் தேதி சாயங்காலம் வந்தாய். ஓட்டுப்போட்ட நாள். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் விரலிலும் மை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்குப் போய், வெறும் தரையைப் பார்த்துவிட்டு, "பெட்டி ரிப்பேர்னா வேற பெட்டி கிடைக்கலையாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாய். கிடைக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு நீ எதுவும் கேட்டதில்லை.

யாரோ ஒருவருக்கு வண்டியை நிறுத்தப் பொய் சொன்னேன். உன்னை விட்டுவிட்டுக் கிளப்பியதற்கும் பொய் சொன்னேன். இதைப் போனில் எப்படிச் சொல்வது?

இதைப் படித்துவிட்டு வரவே வேண்டாம் என்று தோன்றினால் அதையும் நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் லண்டன் மேல் பழியைப் போடாதே.

முதல் வருஷத் திதி மே 4, ஞாயிற்றுக்கிழமை. ஐயர் காலை எட்டு மணிக்கு என்றார். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், மறுநாள் விடியும் வரைக்கும் அஷ்டமி இருக்கிறது. நேரம் இப்போது குறிக்க வேண்டாம், பையன் வந்து இறங்கியதும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மத்தியானம் ஆனாலும் சரி என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அப்பா

பி.கு: மே 2-ம் தேதியே சென்னையில் இறங்குகிற மாதிரி மாற்ற முடியுமா பார். முடியாவிட்டால் பரவாயில்லை. பி.ஆர். கார்டைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே.