மதிப்பெண் அட்டையில் கொழுப்பு அளவு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் உடற்கொழுப்பை ஆண்டுதோறும் அளந்து, அந்தச் சதவீதத்தை மதிப்பெண் அட்டையிலேயே எழுதிப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்திய வாசகர் கடிதம் ஒன்றைத் தங்கள் நாளிதழில் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி, எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் தோல் மடிப்பையும் என் கையால் அளந்தவன் நான். அளக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த எண் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று அறியாமலேயே அதை அட்டையில் ஏற்றுவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு என்பதால் இதை எழுதுகிறேன்.

உயிருள்ள ஒரு பிள்ளையின் கொழுப்பை யாரும் தனியே பிரித்து எடை போட்டுப் பார்த்துவிட முடியாது. வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து கொழுப்பு இவ்வளவு இருக்கலாம் என்று கணிக்கத்தான் முடியும். பள்ளிகளில் பெரும்பாலும் பயன்படும் உடல் நிறை குறியீட்டு எண்ணும், அதாவது பி.எம்.ஐ.யும், அப்படிப்பட்டதே. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடோல்ஃப் கெத்தலே 1830-களில் கண்ட கணக்கு இது. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் குழுவினர்தாம் இதற்கு இன்றுள்ள பெயரை வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்ததும் வளர்ந்த ஆண்களையே. எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் யாஜ்னிக், யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்களையே சான்றாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் பிரிட்டனைச் சேர்ந்த யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரான யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். வளர்ந்தவர்களிடமே இப்படி என்றால், மாதத்துக்கு மாதம் உடல்வாகு மாறும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

25-ஐத் தொட்டால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் உடல் பருமன் என்ற பெரியவர்களின் பி.எம்.ஐ. எல்லைகள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரைக்கும் 2007-இல் வயதுவாரியாக, ஆண்பால் பெண்பால் தனித்தனியாக வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டது. ஏழு வயது நிறைந்த ஒரு சிறுவன் 24 கிலோ எடையும் 120 சென்டிமீட்டர் உயரமும் உள்ளவன் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய குறியீடு 16.7. பெரியவர் ஒருவருக்கு இந்த எண் வந்தால் மிகவும் மெலிந்தவர் என்போம்; இவனோ அந்த வயதுக்குரிய இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறான், ஏனென்றால் அதிக எடை என்பது அவனுக்கு 17.0-க்கு மேலேதான் தொடங்குகிறது. இப்போது அதே சிறுவன் சற்றே கூனி நிற்க, உயரம் 118 என்று பதிவாகிறது. குறியீடு 17.2 ஆகிவிடும், அவன் 'அதிக எடை' பட்டியலில் ஏறிவிடுவான். பத்து வயதில் அதே 17.2 அவனுக்கு முற்றிலும் இயல்பான எண். குதிகால் சுவரில் படுகிறதா, முகம் நேராக இருக்கிறதா, காலணியைக் கழற்றினானா என்று பார்க்காமல், நாற்பது பிள்ளைகளை அரை மணி நேரத்தில் அளந்து முடிக்கும் வகுப்பறைகளை நான் அறிவேன். ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படும் சொல்லை அங்கே இரண்டு சென்டிமீட்டர் தீர்மானித்துவிடுகிறது.

தோல் மடிப்பைக் கவ்விப் பிடித்து அளக்கும் காலிப்பர் என்ற கருவி கொழுப்புக்கு இன்னும் நெருக்கமானதுதான், ஆனால் அது கை பழக வேண்டிய வேலை. பிள்ளையின் முழங்கையை மடக்கச் சொல்லி, தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனை வரை நாடாவால் அளந்து, நடுப்புள்ளியில் பேனாவால் குறி வைக்க வேண்டும். பிறகு கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, குறிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, மேற்கையின் பின்புறத்துத் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தசையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, குறியின்மேல் காலிப்பரை வைத்து, இரண்டு நொடிக்குள் முள்ளைப் படிக்க வேண்டும். தாமதித்தால் மடிப்பு அழுந்தி, எண் குறைந்துகொண்டே போகும். குறி ஒரு விரல் அளவு தள்ளிப்போனாலே வேறு எண் வரும். இரண்டு முறை அளந்து, வேறுபாடு அதிகமானால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். பிள்ளை கூச்சத்தில் தோளை இறுக்கிக்கொண்டால் மடிப்பு விரலில் அகப்படாது. அப்போது இரண்டு வார்த்தை பேசி, மூச்சை விடச் சொல்லி, பொறுமையாகக் காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் யாருக்கும் இது கைவந்துவிடாது.

இப்போது பல பள்ளிகள் வாங்கி வைப்பது வெறுங்காலுடன் ஏறி நிற்கும் மின்னணு எடைக் கருவி. அது உடலுக்குள் உணர முடியாத அளவு சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு உடல் காட்டும் தடையை அளக்கிறது. தசையில் நீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் எளிதில் பாயும், கொழுப்பில் பாயாது. தடையிலிருந்து நீரையும், நீரிலிருந்து கொழுப்பில்லாத எடையையும் கணக்கிட்டு, மீதியைக் கொழுப்பு என்கிறது கருவி. பெரியவர்களின் கொழுப்பில்லாத உடலில் நீர் ஏறக்குறைய 73 சதவீதம். பிள்ளைகளுக்கோ அதைவிடக் கூடுதல். பெரியவர்களின் சூத்திரத்தைப் பிள்ளைக்குப் போட்டால், இருக்கும் கொழுப்பு குறைத்துக் காட்டப்படும். உடல் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறையில், அதே தவறு நேர்மாறாகக் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். போதாக்குறைக்கு, மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதால், கவனிக்க வேண்டிய வயிற்றுப் பகுதியை இந்தக் கருவி சரியாகப் பார்ப்பதே இல்லை. காலையில் ஒரு முறையும், ஓடியாடித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபின் ஒரு முறையும் ஒரே மாணவனை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இரண்டு வேறு எண்கள் வந்தன, இரண்டும் தசம இடம் வரை துல்லியமாக! அந்தத் தசமப்புள்ளி பெற்றோரிடம் உண்டாக்கும் நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பருவமடையும் வயதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பெண் பிள்ளைகளின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுவது இயற்கை. ஆண் பிள்ளைகளுக்குத் தசை பெருகி, கொழுப்பின் பங்கு குறையும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன்தான், உடலில் போதிய சேமிப்பு இருக்கிறது என்ற செய்தியை மூளைக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி போகாவிட்டால் பருவமடைவதே தள்ளிப்போகும். இதை அறியாமல், போன ஆண்டைவிட எண் கூடிவிட்டது என்று பன்னிரண்டு வயதுச் சிறுமியின் அட்டையில் சிவப்பு மையில் எழுதினால், சரியாக வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உடலையே நாம் குற்றம் சொல்கிறோம்.

அப்படி ஒரு குற்றத்தை நானே செய்திருக்கிறேன். பணியின் தொடக்க ஆண்டுகளில், வரிசையில் நின்ற பிள்ளைகளின் எடையை நான் உரக்கப் படிக்க, ஒரு மாணவன் ஏட்டில் எழுதிக்கொண்டு வந்தான். ஒரு சிறுமியின் எண்ணைக் கேட்டுப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று நண்பகலில் அவள் உணவுப் பெட்டியைத் திறக்கவில்லை. அடுத்த சில வாரங்களும் அப்படித்தான் என்று வகுப்பாசிரியை என்னிடம் வந்து சொன்னார். அடுத்த ஆண்டு அவள் மளமளவென்று உயர்ந்து, அந்த எடை அந்த உயரத்துக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. அவளோ அதற்குப் பிறகு ஒரு நாளும் என் எடைக் கருவியில் ஏற ஒப்புக்கொள்ளவில்லை.

அட்டையில் எழுதி அனுப்பினால் பெற்றோர் விழித்துக்கொள்வார்கள் என்பது நல்லெண்ணமே. ஆனால் கலிபோர்னியாவில் 2014 முதல் 2017 வரை 79 பள்ளிகளில் நடந்த ஆய்வில், பி.எம்.ஐ. அறிக்கையை வீட்டுக்கு அனுப்பியதால் பிள்ளைகளின் எடையில் எந்த முன்னேற்றமும் ஏற்படவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடல்மீது இருந்த மனநிறைவுதான் குறைந்தது. இங்கிலாந்தில் 4-5 வயதிலும் 10-11 வயதிலும் பள்ளியிலேயே அளக்கிறார்கள். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் மறைவான இடத்தில் அளக்கிறார்கள், பிள்ளையின் எண் ஆசிரியர்களுக்கோ மற்ற பிள்ளைகளுக்கோ போவதில்லை.

ஆகவே பள்ளிகளிடம் நான் கேட்பது இவ்வளவே. கொழுப்புச் சதவீதம் காட்டும் கருவிக்குச் செலவிடுவதை விட்டு, சுவரில் ஒழுங்காகப் பொருத்திய உயரப் பலகையும் சரிபார்த்த எடைக் கருவியும் வையுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு நாடாவால் பார்த்துவிடலாம். வயிற்றுக் கொழுப்பைப் பற்றி அது கருவியைவிட உண்மையாகப் பேசும். ஒவ்வொரு பிள்ளையையும் திரைக்குப் பின்னால் தனியே அளந்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒற்றைப் புள்ளியை வைத்து யாருக்கும் பெயர் சூட்டாமல், கோடு தன் பாதையை விட்டுத் தொடர்ந்து மேலே விலகினாலோ கீழே சரிந்தாலோ பெற்றோரைத் தனியே அழைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். மெலிந்துகொண்டே போகும் பிள்ளையும் அந்த வரைபடத்தில்தான் தெரிவான். மதிப்பெண் அட்டையில் இதற்கு ஒரு கட்டம் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்