படகு வாங்குவதற்கு முன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. டொக்டர் சொன்னதை விட்டுவிட்டு முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறாய் என்று உன் மனுசி போட்டுக்கொடுத்துவிட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சேர்த்த காசில் காரைநகர் கசூரினாக் கடற்கரைப் பக்கம் ஓர் உல்லாசப் படகு விடலாமா என்று கேட்டிருந்தாய். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் தொடங்கியதில் இருந்து இங்கேயும் பலருக்கு அந்த ஆசைதான்.

போன ஞாயிறு காரைநகருக்குப் போனேன். மருமகன் நண்டு வலை போடுகிறவன். வாடிக்கு முன்னால் வலையை விரித்துக் காட்டினான். மூன்று இடத்தில் கத்தியால் அரிந்த மாதிரி இருந்தது. யாரோ பெடியள் வாடகைக்கு எடுத்த வேகப்படகு மிதப்புகளுக்கு மேலால் ஓடியிருக்கிறது. "வலை போகட்டும் மாமா, இதைப் பாருங்கோ" என்று இடுப்பளவு தண்ணீருக்குள் கூட்டிப்போனான். சாதாளை என்கிற கடற்புல்லுக்கு நடுவே, படகு கிழித்துப்போன தடம், உழவு சால் போட்டதுபோல் நீளமாக ஒரு வெள்ளை மணல் கோடு. நண்டுக் குஞ்சும் இறாலும் வளர்வது அந்தச் சாதாளைக்குள்தான்.

யாரிடம் முறையிடுவது? 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையில் இருந்து 2 கிலோமீற்றர் கடல் வரை கரையோர வலயம். அதற்கு ஒரு திணைக்களம். மீன்பிடிக்கு இன்னொன்று. கரைக்குப் பிரதேச சபை, கடலுக்குக் கடற்படை. நெடுந்தீவில் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவானதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களமும் உண்டு. மருமகன் ஏறிய கந்தோரில் "இது எங்கட வேலை இல்லை" என்று கடிதத்தைக்கூட வாங்கவில்லையாம்.

எனக்கென்றால், படகு எந்த வழியால் போவது, எந்த மாதம் நிற்பது, ஒரு நாளைக்கு எத்தனை ஓடுவது என்பதையெல்லாம் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வலை எங்கே கிடக்கிறது என்று கந்தோரில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ரிக்கற் காசில் ஒரு பங்கு சங்கத்துக்குப் போனால் கிழிந்த வலைக்காவது உதவும். அதற்கு நீ சம்மதமென்றால் நானும் கொஞ்சம் போடுகிறேன்.

இப்போதைக்குக் காசு அனுப்பாதே. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய்தானே, சங்கத்தாரோடு இருந்து கதைப்போம். விடியப்புறம் மருமகனின் வள்ளத்தில் போய் வலை கிடக்கும் இடங்களையும் பார்க்கலாம். முழங்காலை அதற்குள் சரிப்பண்ணு. வள்ளத்தில் ஏற ஏணி கிடையாது.

அன்புடன்,
உன் மச்சான்